செவ்வாய் மாலை, ஐந்தாம் மாடி கார் நிறுத்தம்

எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மெல்லிய தோல்.
அதனால் இங்கே ஏறி வந்து அழைக்கிறேன்,
யாரோ துணி போர்த்தி வைத்த டொயோட்டாவுக்கும்
தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்கும் நடுவில் நின்று.
கேள்விகளை ஃபேர்பிரைஸ் ரசீதின் முதுகில் எழுதியிருக்கிறேன்.
முன்பக்கம்: ரொட்டி, முட்டை, பனடோல் இரண்டு அட்டை.

எவ்வளவு?
நூற்று நாற்பது வெள்ளி, என்றார் ரோசலின்.
ஐம்பது நிமிடத்துக்கு.
நிமிடத்துக்கு இரண்டு வெள்ளி எண்பது காசு.
மூக்கைச் சிந்தினாலும் மீட்டர் ஓடுமா, என்றேன்.
சிரித்தார்.
நான் உண்மையிலேயே கேட்டேன்.

கம்பெனிக் காப்புறுதியில் வராதா?
வரலாம்,
ரசீது யார் மேசை வழியாகப் போகும் என்று
முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.
மனிதவளப் பிரிவில் ஜோதிலிங்கத்தின் மேசை நினைவுக்கு வந்தது,
அதன்மேல் இருக்கும் கண்ணாடி மிட்டாய்ச் சாடியும்.
சரி, என் பணமே போகட்டும்.

வர முடியாமல் போனால்?
இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் சொல்லணும்,
இல்லாவிட்டால் முழுக் கட்டணம்.
நான் லிப்ட் பழுது பார்ப்பவன், மேடம்.
யார் எந்த மாடியில் மாட்டிக்கொள்ளப்போகிறார் என்று
எனக்கு யாரும் முன்னால் சொல்வதில்லை.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சரி. உங்களுக்கு மட்டும் ஆறு மணி நேரம்."
தேக்கா சந்தையில்கூட
எனக்கு இப்படிப் படிந்ததில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?
எது வாயில் வருகிறதோ அதில்.
பலதுறை மருந்தகத்தில் ஆங்கிலத்தில்தான் முயன்றேன்.
நெஞ்சு அடைக்குது என்பதை எப்படியோ சொல்லிவிட்டேன்.
உடனே ஈசிஜி எடுத்தார்கள்.
தாளில் மலை மலையாக ஏறி இறங்கி
இதயம் நன்றாகத்தான் இருந்தது.
'ஒரு மாதிரி இருக்கு' என்பதற்குத்தான்
அந்த அறையில் எந்த மாதிரியும் கிடைக்கவில்லை.

ஆனால் நீங்களும் தமிழர்.
இந்தத் தீவில் நாம் எத்தனை பேர்!
என் மனைவியின் சித்தப்பா மகன்
உங்கள் தேவாலயத்தில் பாடுபவனாக இருக்கலாம்.
ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால்?
இது ரசீதில் எழுதாத கேள்வி.

"நீங்கள் முதலில் சிரித்தால் நானும் சிரிப்பேன்.
இல்லையென்றால் எனக்கு உங்களைத் தெரியாது.
ரசத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லியும் கேட்க மாட்டேன்."

எத்தனை வாரம் ஆகும்?
தெரியாது, என்றார்.
இருந்த பதில்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.
லிப்ட் குழிக்குள் இறங்குமுன் நானும் அதையே சொல்வேன்:
திறந்து பார்த்தால்தான் தெரியும், அங்கிள்.

இரவு கைபேசிக்குப் படிவம் வந்தது.
பெயர். புளோக். சாப்பிடும் மருந்துகள்.
வருவதற்கான காரணம், மூன்று வரி இடம்.
'தூக்கமில்லை' என்று போட்டேன்.
பொய்யில்லை, உண்மைக்குப் பக்கத்து வீடு.
அவசரத்தில் அழைக்க வேண்டியவர்:
யோசிப்பதற்குள் விரல் எட்டு எண்களைத் தட்டி முடித்திருந்தது.

மறுநாள் ஒரு குறுஞ்செய்தி.
"இது நீங்கள் என்னை அழைத்த எண் அல்லவா?"

ஆமாம்.
இரவில் லிப்ட் நின்றால்
பதினோரு புளோக்குகள் அழைப்பது இந்த எண்ணைத்தான்.
மூச்சை மெதுவா விடுங்க, கதவைத் தட்டாதீங்க,
இதோ வந்துட்டேன், என்று
இருட்டில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வேன்.
அவசரம் என்றால் என் கைக்குத் தெரிந்த எண்
இது ஒன்றுதான்.
இவ்வளவையும் தட்டி, அழித்து,
'ஆமாம்' என்பதை மட்டும் அனுப்பினேன்.

"இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.
வெள்ளிக்கிழமை பார்ப்போம்."

வெள்ளி. ஏழரை மணி. நூற்று நாற்பது.
முகவரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:
மூன்றாவது மாடி. மின்தூக்கி பழுது. படியில் வரவும்.

எந்தக் கம்பெனி லிப்ட் என்று கேட்க
வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.